லேசான பிரியங்கள்

இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் கொஞ்ச நேரத்தில் பேச்சு பட்டியலுக்கு வந்துவிடும். தஸ்தயேவ்ஸ்கி, ப. சிங்காரம், அசோகமித்திரன் என்று போகும். நடுவில் ஒருவர், "போன மாசம் டெங்கு வந்து படுத்திருந்தப்ப மட்டும் ராஜேஷ்குமார் நாலஞ்சு படிச்சேன்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் ஒரு பெருந்தன்மை இருக்கும். டெங்கு என்பதால் அவரை விட்டுவிட்டோம்.

இதே பெருந்தன்மையை இன்னோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். வீட்டு நாய் செத்துப்போய்விட்டது என்று ஆபீசில் சொன்னபோது எதிரில் இருந்தவர் முகம் சரியாகத்தான் வாடியது. "எத்தனை வருஷம் இருந்துச்சு?" என்றார். பதினாலு என்றேன். "நல்லா வாழ்ந்திருச்சு" என்றார். இரண்டு நாள் கழித்தும் நான் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நாய்க்கு ஒரு நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் கேட்பவர்தான் தரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டும் அடிப்படையில் ஒரே கேள்வி என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. நம்மிடம் எதையும் கேட்காமல், உடனடியாக, சுலபமாகச் சந்தோஷம் தருகிற ஒன்றின்மீது நாம் வைக்கும் பிரியம் தரத்தில் கம்மியா? கஷ்டமான புத்தகங்களும் கஷ்டமான மனிதர்களும் காத்திருக்க, அவர்களிடமிருந்து தப்பித்துப் போய் ஒளிந்துகொள்ளும் இடமா அது? தத்துவ வகுப்பில் கேட்டால் சுகமான கேள்வி. எனக்கு இதை முகத்துக்கு நேராகக் கேட்டவர் என் அத்தை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் நாயின் பெயர் ஜீனோ. பெயரைச் சொன்னதும் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் இயந்திர நாய். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் வந்த கதை. சர்வாதிகாரம், கண்காணிப்பு, பிள்ளை பெறவே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய இந்தியா. அத்தனைக்கும் நடுவில் புத்தகம் படிக்கிற, நக்கலடிக்கிற ஒரு நாய். கதையின் மற்ற மனிதர்களை எல்லாம் மறந்துவிட்ட வாசகர்கள்கூட ஜீனோவை மறக்கவில்லை. தமிழ் வெகுஜன எழுத்து உருவாக்கிய பாத்திரங்களில் கணேஷ்-வசந்துக்கு அடுத்தபடி உயிரோடு இருப்பது ஒரு இயந்திர நாய்தான் என்பது என் கட்சி.

பெயர் வைத்தது அம்மா. கல்யாணமாகி சின்னமனூருக்கு வந்த புதிதில் விகடனில் வாராவாரம் அதைப் படித்திருக்கிறார். எங்கள் அப்பத்தாவுக்கு 'ஜீனோ' வாயில் நுழையவில்லை. கடைசிவரை "சீனு" என்றே கூப்பிட்டார். நாயும் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்.

ஆனால் இயந்திர நாயின் சாயல் துளியும் இல்லாத பிறவி அது. கோம்பையிலிருந்து வந்தது. உத்தமபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் கோம்பை. ஊர்ப் பெயரே ஒரு நாய் இனத்தின் பெயராகிவிட்டது. செவலை நிறம், கருத்த மூஞ்சி, அகன்ற மார்பு, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம். சு. தியடோர் பாஸ்கரன் நம் நாட்டு நாயினங்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். 2005-ல் தபால்துறை இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் இடம்பிடித்தது, கோம்பைக்கு இடமில்லை. கோம்பைக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும். 2008-ல் அப்பாவின் உரக்கடைக்கு வரும் கோம்பைக்காரர் ஒருவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சுத்தமான இனம் என்று சத்தியம் செய்தார். வளர வளர ஒரு காது மடங்கியே கிடந்தது. "அந்தக் காது மட்டும் வேற சாதியாக்கும்" என்று அப்பா சிரிப்பார். காட்டுப்பன்றியை மடக்க வேண்டிய வம்சம், எங்கள் வீட்டில் பக்கத்துவீட்டுக் கோழியைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போனது.

அம்மா மாத நாவல் வாசகி. மாலைமதி, ராணிமுத்து, கிரைம் நாவல். விவேக்-ரூபலா, பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி என்று எங்கள் வீட்டில் ஜோடி ஜோடியாகத் துப்பறிவாளர்கள் குடியிருந்தார்கள். ரமணிசந்திரன் தனிக்கட்டு. தேனி பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்குவது, தெருவில் மாற்றிக்கொள்வது, வாடகை நூலகத்தில் எடுப்பது என்று வரத்து நிற்காது. 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. பகலும் இரவும் மாறி மாறிக் கரண்ட் போகும். அம்மா வாசல்திண்ணையில் எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு படிப்பார். ஜீனோ அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கும். ஆடி மாதக் காற்றில் பக்கங்கள் படபடக்கும்போது அம்மா கட்டைவிரலால் அமுக்கிக்கொள்வார். மேற்குமலைக் கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காற்று மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். புத்தகத்தின் நடுவில் எப்போதும் கொஞ்சம் புழுதி இருக்கும்.

இன்ஜினியரிங் முடித்து, இலக்கியம் படிக்க ஆரம்பித்து, தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்த காலம். அம்மாவிடம் 'மோகமுள்'ளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரத்தில் படித்து முடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். யமுனாவைப் பற்றி நான் எந்த விமர்சனத்திலும் படித்திராத ஒரு விஷயத்தைச் சொன்னார். அடுத்த நாள் மறுபடியும் கிரைம் நாவல். ஏன் என்று கேட்டேன்.

"காலைல அஞ்சு மணிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் ஆளாளுக்கு என்கிட்ட ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அந்தப் பெரிய புஸ்தகமும் கேக்குது. இதுதான்டா எதுவும் கேக்க மாட்டேங்குது" என்றார். பிறகு காலடியைப் பார்த்து, "இதும் அதும்" என்றார்.

இதைப் பல வருஷம் கழித்துத் தத்துவப் புத்தகங்களில் தேடியபோது, கிட்டத்தட்ட இதே தகராறு இங்கிலாந்தில் குருவுக்கும் சிஷ்யனுக்கும் இடையில் நடந்திருப்பது தெரிந்தது. ஜெரமி பெந்தம் ஒரேயடியாகச் சொன்னார்: தருகிற இன்பம் சமமென்றால் குண்டூசி வைத்து ஆடும் சிறுபிள்ளை விளையாட்டும் கவிதையும் சமம். அதே பெந்தம்தான் 1789-ல் வெளியான நூலின் ஓர் அடிக்குறிப்பில், விலங்குகளுக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு அவை வேதனைப்படுமா என்று கேளுங்கள் என்றார். லேசான பொழுதுபோக்குக்கும் நாய்க்கும் ஒரே மனிதர் வக்காலத்து வாங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்பமோ வேதனையோ, அது யாருடையது, எதிலிருந்து வந்தது என்று அந்தஸ்து பார்க்காத மனசு அது.

அவர் மடியில் வளர்ந்த ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு இது உறுத்தியது. இன்பங்களில் மேல் கீழ் உண்டு என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டையும் நன்றாக அறிந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுதான் மேல். அப்படியானால் என் அம்மா தகுதியான நடுவர். இரண்டையும் படித்தவர், தீர்ப்பும் சொல்லிவிட்டார். மில் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்: உயர்ந்த உணர்வுக்கான திறன் மென்மையான செடி போன்றது, வேலையும் சூழலும் சரியில்லாவிட்டால் சீக்கிரம் வாடிப்போகும். அதாவது அம்மா தேர்ந்தெடுக்கவில்லை, களைத்துப்போய்விட்டார். அம்மாவிடம் போய் இதைச் சொல்லும் தைரியம் மில்லுக்கு இருந்திருக்குமா என்று யோசிப்பதுண்டு.

ஆனால் மில்லின் வாழ்க்கை அவருடைய கோட்பாட்டைவிட எனக்கு நெருக்கமானது. மூன்று வயதில் கிரேக்கம் கற்பிக்கப்பட்டவர். அப்பா ஜேம்ஸ் மில் மகனைக் கணக்குப் போட்டு வளர்த்தார். 1826-ல், இருபது வயதில், எல்லாம் வறண்டுபோனது. எதிலும் பிடிப்பில்லை. படித்த தத்துவம் எதுவும் கைகொடுக்கவில்லை. ஒருநாள் மார்மோன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். தகப்பன் இறந்துபோக, சிறுவனான மார்மோன்டெல் இனி இந்தக் குடும்பத்துக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று உறுதி கொள்ளும் கட்டம். மில் அழுதுவிட்டார். தன் நெஞ்சு இன்னும் கல்லாகிவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது என்று சுயசரிதையில் எழுதுகிறார். சொந்த அப்பா உயிரோடு பக்கத்து அறையில் இருக்கும்போது, யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் அப்பாவுக்காக வந்த கண்ணீர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெந்தம் பக்கம் முழுக்கச் சாய்ந்து, எல்லாப் புத்தகமும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அசோகமித்திரனின் ஒரு சிறுகதை செய்வதை நூறு பாக்கெட் நாவல்கள் செய்யாது. லேசான விஷயங்கள் அப்பாவியானவையும் கிடையாது. அந்தக் காலத்துக் கிரைம் நாவல்களில் முதல் அத்தியாயத்தில் சாகிறவள் எப்படிப்பட்ட பெண், அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று வரிசையாகப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். எங்கள் ஜீனோவும் அப்படித்தான். கடைக்கு வெள்ளை வேட்டியில் வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்காது. தோளில் மண்வெட்டியோடு, அழுக்குச் சட்டையோடு வாசல் ஓரம் ஒதுங்கி நிற்பவரைப் பார்த்துக் குரைக்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரை "வாங்க" என்கிறோம், யாரை நிற்கவைத்தே பேசுகிறோம் என்பதைத் திண்ணையில் படுத்துக்கொண்டு பார்த்தே கற்றுக்கொண்டது. நாயும் மாத நாவலும் நம் வீட்டில் வளர்கின்றன. நம்மிடம் என்ன இருக்கிறதோ அதுதான் அவற்றுக்கும் வரும்.

லேசானது, கனமானது என்று நாம் போடும் கோட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஏழாம் நூற்றாண்டுக்குப் போய்விடுவேன். மகேந்திரவர்ம பல்லவன். குடைவரைக் கோயில்களுக்காக நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அரசன். அவன் எழுதியது 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி நகைச்சுவை நாடகம். கதை நடப்பது காஞ்சிபுரத்தில். குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகன், அவன் துணைவி. பிச்சை வாங்கும் கபாலத்தை எங்கேயோ தொலைத்துவிடுகிறான். எதிரில் வந்த பௌத்த பிக்குதான் திருடியிருப்பான் என்று மடக்குகிறான். ஒரு பாசுபதன் பஞ்சாயத்துக்கு வருகிறான். மூன்று சமயத்து ஆட்களும் தத்துவச் சொற்களால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் பார்த்தால் கபாலத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய். உள்ளே இறைச்சி இருந்ததாம். நாயிடமிருந்து பிடுங்கிய பைத்தியக்காரன் ஒருவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான் கதை. கம்பம் மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம். அங்கே சாக்கியார்கள் இந்த நாடகத்தைக் கோயில்களில் ஆடும் வழக்கம் உண்டு.

இதே மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்து நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்தது. அரசன் வைத்ததில்லை. ஊர்க்காரர்கள் வைத்தது, ஆட்சியாண்டுக்காக மட்டும் அரசன் பெயர் வருகிறது. கால்நடை கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு இறந்துபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயும் இருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன்.

ஒரே காலம். தலைநகரில் அரசன் நாயை வைத்துச் சிரிக்கிறான். காட்டோரத்து ஊரில் மாடு மேய்ப்பவர்கள் நாயின் பெயரைக் கல்லில் வெட்டுகிறார்கள். எது லேசு, எது கனம்? சமயச் சண்டைகளின் அபத்தத்தை அத்தனை துல்லியமாகக் காட்ட அந்த அரசனுக்கு ஒரு பிரகசனம் தேவைப்பட்டது. கனமான ஒரு சாத்திர நூலில் அதைச் சொல்லியிருந்தால் நான்காவதாக இன்னொரு கட்சி சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். எடுத்தனூர்க்காரர்களுக்கோ நாய் கனமான விஷயம். உளியைப் பிடித்தவனிடம் 'நாய்க்குப் போய் எதற்குப் பேர், ஒரு வரி மிச்சமாகுமே' என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் அத்தை மாதிரி யாராவது.

அத்தைக்கு வந்துவிட்டேன்.

2019-ல் பெரியப்பா இறந்தார். 2022-ல் ஜீனோ. ஆபீஸ் மென்பொருளில் துக்க விடுப்புக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் உறவைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் விரியும். பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளை, உடன்பிறந்தோர். பெரியப்பாவுக்கு அதில் இடமில்லை. நாய்க்கும் இல்லை. இரண்டு தடவையும் சாதாரண விடுப்புதான் போட்டேன். அந்தப் பட்டியலை எழுதிய புண்ணியவான் யாரோ, அவர் கணக்கில் இரண்டு பேரும் சமம்.

ஜீனோவைத் தோட்டத்தில் புதைத்துவிட்டுத் திரும்பிய மாலை. நான் கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். அத்தை செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க பெரியப்பன் போனப்ப ஒரு சொட்டு வரல உனக்கு. நான் பாத்தேன். இப்ப நாய்க்குப் போயி இப்பிடி அழுகுற." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார். இறந்துபோனது அவருடைய அண்ணன்.

அத்தை சொன்னது உண்மைதான். பெரியப்பாவுக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை. கிணற்றுப் பங்கில் ஆரம்பித்து, வரப்பு வழியாக, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது வரைக்கும் பதினோரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சின்ன வயதில் என்னை வீரபாண்டித் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிப் போனவர். ராட்டினத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கையாட்டியவர். அந்த மனிதரின் உடலுக்கு முன்னால் நிற்கும்போது எனக்குள் வந்தது ஒன்றா இரண்டா? யார் முதலில் எந்தப் பக்கமாக நிற்பது, அப்பா எங்கே உட்காருவார், பெரியம்மா என்னைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஆயிரம் விஷயம் குறுக்கே நின்றது. அழுகைக்கு வழி கிடைக்கவில்லை.

என் வேலையில் ஒரு பாடம் சீக்கிரம் கற்றுக்கொள்வோம். நூற்றுக்கணக்கான சர்வீஸ்கள் ஓடும் ஒரு சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்றால், புதிதாகச் சேர்ந்த பையன் லாக்கில் எது அதிகமாகக் கத்துகிறதோ அதைத் திறந்து பார்ப்பான். அனுபவசாலி எது சத்தமே இல்லாமல் இருக்கிறது என்று தேடுவார். முழுக்க அடைத்துப்போனது ஒரு வரிகூட எழுதாது. ஜீனோவுக்கும் எனக்கும் நடுவில் கிணற்றுப் பங்கு இல்லை. அதனால் துக்கம் நேராக வந்தது. பெரியப்பாவின் துக்கம் லாக் எழுதவில்லை என்பதால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமாகாது. இன்னும் ஒன்று சொன்னால் அத்தை நம்ப மாட்டார். அன்று கொல்லையில் நான் அழுததில் எத்தனை பங்கு நாய்க்கு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. மில் மார்மோன்டெலின் அப்பாவுக்காக அழுத மாதிரி, சுலபமாகத் திறந்த கதவு வழியாக வேறு எவரெவரோ வெளியே போனார்கள்.

ஆனாலும் அத்தையின் கேள்வியில் ஒரு முள் மிச்சம் இருக்கிறது. சுலபமான பிரியத்தையே வாழ்நாளெல்லாம் செய்துகொண்டிருந்தால்? நாயைக் கொஞ்சிக்கொண்டு அண்ணனோடு பேசாமல் இருந்தால்? இதற்கு நம்மிடம் ஒரு பழைய வழக்கே இருக்கிறது. பேகன் வழக்கு. பெரியகுளத்துக்கு மேலே தெரிகிற பழனி மலைத்தொடரை ஆண்ட ஆவியர்குலத் தலைவன், வையாவிக் கோப்பெரும் பேகன். குளிரில் மயில் நடுங்கும் என்று போர்வை கொடுத்தவன். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். புறநானூறு நிறுத்துவதில்லை. இதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தான். அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் தனித்தனியே போய் அவனிடம் பாடியிருக்கிறார்கள். மயிலுக்குப் போர்வை, மனைவிக்குக் கண்ணீர். அத்தை அங்கே இருந்திருந்தால் ஐந்தாவது புலவர்.

பள்ளியில் கேலியாகத்தான் சிரித்தோம். மயிலுக்கு எதற்குப் போர்வை, அதற்குப் போர்த்திக்கொள்ளத் தெரியுமா? பழந்தமிழ் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது: கொடைமடம். கொடுப்பதில் வரும் அறியாமை. பெறுகிறவருக்குப் பயன்படுமா, திரும்பி வருமா என்று பார்க்காமல் கொடுத்துவிடும் மடமை. அதை இழுக்காகச் சொல்லாமல் புகழாகச் சொல்லி வைத்தார்கள். மாத நாவலுக்கு ஒரு சாயங்காலத்தைக் கொடுப்பது, நாய்க்குப் பதினாலு வருஷத்தைக் கொடுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

எனக்கு முக்கியமாகப்படுவது பரணர் வாதாடும் விதம். புறநானூறு 145-ல் அவர் மயிலை வைத்துப் பேகனைக் குத்திக்காட்டியிருக்கலாம். மயிலுக்கு இரங்கத் தெரிகிறது, கட்டியவளுக்கு இரங்கத் தெரியவில்லையா என்று சாட்டையை எடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மயில் நடுங்குமே என்று போர்வை தந்தவனே என்று கூப்பிட்டு, பசித்து வரவில்லை, சுமக்க வேண்டிய பாரமும் எங்களுக்கு இல்லை, அவள் துயரத்தைப் போய்த் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். போர்வை கொடுத்த கை என்பதால்தான் இந்தக் கையிடம் இன்னொன்றைக் கேட்க முடிகிறது. மயிலின் தோளிலிருந்து போர்வையை உருவி மனைவிக்குக் கொடு என்று நான்கு பேரில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அம்மா சொன்ன "எதுவும் கேக்க மாட்டேங்குது" என்பதும் கடைசி வருஷத்தில் மாறிவிட்டது. ஜீனோவுக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. அப்பாதான் பார்த்துக்கொண்டார். ராத்திரியில் மூன்று, நான்கு தடவை தூக்கிக்கொண்டு வெளியே போவார். இருபத்தைந்து கிலோ நாய்; அப்பாவுக்கு அறுபத்தாறு வயது, முதுகுத்தண்டில் தேய்மானம் வேறு. பழைய வேட்டியைக் கிழித்து இடுப்புக்குக் கீழே தொட்டில் மாதிரி கொடுத்துத் தூக்கிப்பிடித்தால் முன்னங்காலால் அது நடக்கும் என்று அவரே கண்டுபிடித்தார். டாக்டர், ஊசி போட்டுவிடலாமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அப்பா யோசிக்கிறேன் என்று வந்துவிட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அது சரியா தப்பா என்று எனக்குள் இன்னும் தீரவில்லை. அந்த நாயின் வலியை நீட்டித்தாரோ என்று சில இரவுகளில் தோன்றும். வேட்டித் தொட்டிலில் இருவரும் தெருமுனை வரை போய்த் திரும்பும் வீடியோவை அம்மா அனுப்புவார். அதைப் பார்க்கும்போது வேறு மாதிரி தோன்றும். எப்படியானாலும், சுலபமான அன்பு என்ற பேச்சை அந்த வீடியோவுக்கு முன்னால் வைத்துக்கொண்டு என்னால் பேச முடியாது. சுலபமாக உள்ளே வந்தது. வந்த பிறகு பதினாலு வருஷத்தில் கனமாகிவிட்டது.

எனக்கும் அப்பாவுக்கும் அதிகம் பேச்சு கிடையாது. சண்டை எதுவும் இல்லை, வழக்கம் இல்லை, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். "சாப்பிட்டியா", "மழையா", அடுத்து என்ன என்று இருவருக்கும் தெரியாத ஓர் இடம் வரும். அங்கே ஜீனோ வரும். இன்றைக்கு என்ன செய்தது, எதைக் கடித்தது, யாரைத் துரத்தியது. பதினைந்து நிமிஷம் போகும். அதற்குள் தன் சர்க்கரை அளவு, கடையின் பாக்கி, பெரியப்பா வீட்டு ஆட்களைப் பஸ்ஸில் பார்த்தது எல்லாம் நாய்க் கதையின் ஓரத்தில் வந்து விழும். ஜீனோ போன பிறகு என் போனின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பத்து விநாடி. ஐம்பது விநாடி. நாற்பத்தெட்டு.

இப்போது எங்கள் பேச்சைக் கொஞ்சம் ஓட்டிக்கொண்டிருப்பது ஒரு மாத நாவல். அலமாரியை ஒழித்தபோது அம்மாவின் பழைய கட்டிலிருந்து கிடைத்தது. அட்டை இல்லை, அதனால் தலைப்பும் தெரியாது. ஜீனோ குட்டியாக இருந்தபோது பின்பக்கத்தைத் தின்றுவிட்டது. கடைசி எட்டுப் பக்கம் காணோம், பல் தடம் இருக்கிறது. மதுரையில் ஒரு பங்களா, ஒரு கொலை, நான்கு பேர்மேல் சந்தேகம். வாழ்நாளில் உரக்கடைப் பில் புத்தகத்தைத் தவிர எதையும் படித்திராத அப்பா, துக்கம் கழிந்த ஒரு வாரத்தில் இதை எடுத்து உட்கார்ந்து படித்திருக்கிறார். டிரைவர்தான் கொலையாளி என்பது அவர் கட்சி. அம்மா வக்கீல் என்கிறார். இணையத்தில் தேடினால் எந்த நாவல் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று சொன்னேன். "ஒண்ணும் வேணாம், சும்மா இரு" என்றார் அப்பா. போன வாரம் அத்தை அதை வாங்கிக்கொண்டு போய், இரண்டே நாளில் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். மச்சினன்தானாம். அதற்கு மூன்று காரணம் சொன்னார். மூன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.